என் வீட்டுக்காரர் முகத்தில் நின்ற சிலை

புதுக்கோட்டை கடைவீதி நாற்சந்தியில் அந்தச் சிலையை நிறுத்தியபோது எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சிலை என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. முகம் என் வீட்டுக்காரருடையது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அண்ணனும் தம்பியும் நாற்பத்திரண்டு ஆகஸ்டுக் கலகத்தின்போது திருச்சிப் பக்கம் தந்திக் கம்பியை அறுத்துவிட்டுச் சிறைக்குப் போனவர்கள். உள்ளே வயிற்றுக்கடுப்பு கண்டு அண்ணன் இறந்துபோனார். தம்பி வெளியே வந்து, குளத்தூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தார். சமஸ்தானம் போய் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணனை நான் பார்த்ததே இல்லை. அவருடைய மனைவி எங்களோடுதான் இருந்தாள். அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. வெள்ளைச் சேலையிலும் லட்சணமாக இருப்பாள். அதுவரை எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது.

டவுன் பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டுச் சிலை வைக்க முடிவு செய்து, போட்டோ கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். இருந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. அதிலும் அண்ணன், படம் எடுக்கும் நேரம் தலையைத் திருப்பியிருந்தார். முகம் வெறும் புகையாகத் தெரிந்தது. கூட வந்த கும்பகோணத்துச் சிற்பி அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணன் இவரு மாதிரிதான் இருப்பாரோ?"

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள். "ஒரே அச்சுதாங்க. தாடை மட்டும் கொஞ்சம் வேற."

அந்த வார்த்தையோடு முடிவாகிவிட்டது. லீவு நாளெல்லாம் என் வீட்டுக்காரர் சந்தைக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குப் போய்ச் சிற்பியின் முன்னால் நின்றார். எது சரி, எது தப்பு என்று சொல்ல அக்காவும் கூடப் போனாள். நான் கைப்பிள்ளையோடு வீட்டில் கிடந்தேன்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகையில் களிமண் உருவம் பாதி எழும்பியிருந்தது. பக்கத்துப் பலகையில் என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி நின்றார். அக்கா எதிரே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய பெண்டாட்டி நான், அத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அப்படி ஒரு தடவை பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது? "தாடை இன்னும் உள்ள போவணும்" என்றாள். "எம்புட்டுன்னு காட்டுங்கம்மா" என்றார் சிற்பி. அவள் கையைத் தூக்கி என் வீட்டுக்காரர் தாடைப் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவில்லை. நான் தூக்குச்சட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அக்கா எதுக்கு ஒங்களை அப்பிடிப் பாக்குறாக?"

"சிலைக்காகப் பாக்குறாக."

"சிலை அங்கிட்டு நிக்குது. அவுக பாத்தது இங்கிட்டு."

"கிறுக்குத்தனமாப் பேசாத" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். அவர் பக்கத்து நாற்காலியில் அக்கா. அவளுக்குச் சால்வை போட்டார்கள், தியாகியின் மனைவி என்று மைக்கில் சொல்லச் சொல்லக் கைதட்டினார்கள். அதே கம்பியை அறுத்து, அதே தடியடி பட்டு, அதே சிறையில் கிடந்த மனுஷர் கீழே கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மேலே வாங்க என்று ஒருத்தர் கூப்பிடவில்லை. செத்தவருக்குச் சிலை, பிழைத்து வந்தவருக்கு டிக்கெட் பை. தாலியோடு இருக்கிறவள் தாலி இழந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா என்று கேட்கலாம். நான் பட்டேன். துணி விலகியபோது மேலே நின்றது என் வீட்டுக்காரர்; அதே மீசை, அதே காது. மரப்படியில் ஏறி அக்கா அவர் கழுத்தில் மாலை போட்டாள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவருக்குப் பெயரே சிலை கண்டக்டர் என்றாகிவிட்டது. நாற்சந்தியில் பஸ் திரும்பும்போது ஜனங்கள் ஜன்னல் வழியாக ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை பார்த்துச் சிரிப்பார்கள். "மதினி மாலை போட்டுச்சாமே, மாப்பிள்ளைக்கு!" என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். சுதந்திர தினம் வரும், சிலைக்கு மாலை போடப் போக அக்கா சேலையைத் துவைத்து மடிப்பாள், எனக்குச் சோறு இறங்காது. உயிரோடு இருக்கிறவர் முகத்துக்கு வருஷா வருஷம் மாலை விழுகிறதே என்ற பயம் வேறு.

கடைசியில் ஒரு வருஷம் அவரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். "மீசையை எடுத்துருங்க. இல்லேன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்." ஒரு வாரம் முறைத்துவிட்டு, ஒரு காலை சலூனுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். மேலுதடு வெளுத்து, யாரோ ஒரு வாத்தியார் மாதிரி வாசலில் நின்றார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்ல காரியம் செஞ்சீங்க தம்பி. இனிமே ஒங்க மொகத்தைப் பாத்துப் பேசலாம்."

அவர் ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு மட்டும் சுருக்கென்றது. நினைத்துப் பார்த்தால், அக்கா அவருக்குச் சோறு போடும்போதுகூட இலையைப் பார்த்துத்தான் போடுவாள்; அந்தக் கொட்டகையில் தவிர அவரை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"அவரு மொகத்துல என்னக்கா இருக்கு?" என்றேன்.

"ஒனக்கென்னத்தா, தெனமும் பாக்குற மொகம். நான் அவுகளோட வாழ்ந்தது ரெண்டு வருசம். அதுல பாதி நாளு அவுக வீட்டுல இல்ல. சிலை செய்யிறப்ப அந்த மொகம் எனக்கு மங்கிப்போச்சு. தாடை அப்பிடி, நெத்தி இப்பிடின்னு ஏதோ சொன்னேன். மறந்துபோச்சுன்னு அத்தன பேரு முன்னால சொல்ல முடியுமா? இப்பக் கண்ணை மூடுனா ஒம் புருசன் மொகம்தான் வருது. என் மனுசன் வரல. பாத்தா இன்னும் அழிஞ்சுபோயிருமேன்னுதான் தம்பியை நிமிர்ந்து பாக்காம இருந்தேன். அவுக மொகம் இருக்க வேண்டிய எடத்தையும் ஒம் புருசனுக்கே குடுத்துட்டேன்."

அழவில்லை. மறுபடி முறத்தை எடுத்துப் புடைத்தாள். நான்தான் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

அந்த வருஷச் சுதந்திர தினத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். மாலையைக் கமிட்டிக்காரர் அவள் கையில் கொடுத்ததும் அதை என் பக்கம் நீட்டினாள். "இந்தத் தடவை நீ போடுத்தா. ஒனக்குச் சொந்தமான மொகம்."

கமிட்டிக்காரர், "இவங்க யாரும்மா?" என்று விழித்தார்.

எத்தனை வருஷம் எதற்கு எரிந்தேனோ அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "வேணாங்கக்கா. என் வீட்டுக்காரரு பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்காரு. இது ஒங்க வீட்டுக்காரரு. நீங்களே போடுங்க" என்றேன். அவள் மாலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு படியேறினாள். சேலை தடுக்காமல் இருக்க நான் கீழே முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தது அவருடைய பஸ்ஸில்தான். எங்கள் சீட்டுக்கு அவர் வந்ததும் அக்கா நிமிர்ந்து, நேராக அவரைப் பார்த்து, "மீசை இல்லாம நீங்கதான் அழகு தம்பி" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்கு உள்ளே லேசாகப் புகைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.