துருத்தி அறை

பேய் என்றால் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிற ஆள் என் அத்தான். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஆர்கன்களைப் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். ஒரு சிற்றூர் மாதா கோவிலின் இருநூறாவது ஆண்டுக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் உயரத்துக்குக் குழல் ஆர்கன். வாங்கிக் கொடுத்த பணக்காரரின் பெயர் பளிங்கில், பொன்னெழுத்தில். ஆர்கனுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. முன்பெல்லாம் அங்கே ஒருவர் நின்று மிதிகட்டையை மிதித்தால்தான் துருத்தி ஊதும், குழல்களுக்குக் காற்று போகும். இனி மோட்டார் போதும் என்றார் பங்குச்சாமியார். அத்தான் காலையிலேயே துருத்தியைக் கழற்றி முற்றத்தில் போட்டார். தோல் முழுக்க எலி கடித்த ஓட்டை. மிதிகட்டை மட்டும் தரையோடு பதிந்திருந்தது. அதை விட்டுவிட்டார்.

மதியம். கோவிலில் வேறு யாரும் இல்லை. மோட்டாரைப் போட்டு ஒரு பாட்டு வாசித்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது.

பாதியில் மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.

பாட்டு நிற்கவில்லை.

உள்ளே மிச்சக் காற்று இருக்கும் என்று நினைத்தார். ஓரடி வாசித்தார். இன்னோரடி. காற்று வந்துகொண்டே இருந்தது. ஆனால் மோட்டார் காற்று போல இல்லை. ஏறி... இறங்கி... யாரோ மூச்சு வாங்குவது போல.

பின்னால் கட்டை அசைந்தது.

க்ரீச்... தொப். க்ரீச்... தொப்.

கையை எடுத்தார்.

க்ரீச்... தொப்.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். அறையில் ஆள் இல்லை. எதனோடும் சேராத மிதிகட்டை தானாக ஏறி இறங்கியது. அதன் மேல் ஈரம். வியர்வை வாடை.

இருட்டுக்குள்ளிருந்து, மூச்சிரைக்க, ஒரு பெண் குரல்.

"முடிஞ்சுதா?"



க்ரீச்... தொப்.

"முடிஞ்சுதும்மா... போதும்" என்றார் அத்தான்.

கட்டை நின்றது.

கருவிப் பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடிவந்தவரை சாமியாருக்கு உதவியாக இருக்கும் வயதான உபதேசியார் பிடித்து உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பயப்படவில்லை. கசந்துபோய்ச் சிரித்தார். மிதித்தவள் அவருடைய பெரியம்மாவாம். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள். கூலிக்குப் பதில் அந்த அறையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களாம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பின்னால் அறையில் இருந்தவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. சாயங்காலம்தான் உள்தாழ்ப்பாளை உடைத்து அவளைத் தூக்கினார்கள். அடக்கப் பூசைக்கு ஆர்கன் வாசிக்கவில்லை. மிதிக்க ஆள் இல்லையே என்று அன்றைய சாமியார் கையை விரித்துவிட்டாராம்.

பாட்டுக்கு நடுவில் உயிர் போயிருக்கும் என்றார் அத்தான்.

"இல்லீங்க. முந்தின ராத்திரியே போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. உடம்பு வெறைச்சுக் கெடந்துச்சு."

உபதேசியார் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா அன்னிக்குப் பூசை முழுக்க ஆர்கன் வாசிச்சாங்க. பாடுனவன் நான்தான்."