அவர் சொல்ல நான் பூட்டிய எஞ்ஜின்

எஞ்ஜின் வேலையில் கழற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். திரும்பப் பூட்டுவதுதான் ஆளைக் கொல்லும். வீட்டு ஷெட்டில் காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் தனியாக இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

நான் அம்பிட்டியவில் பாலர் பாடசாலை டீச்சர். என் கணவர் அந்தோனி கண்டி டவுனில் ஆள் ஏற்றி ஹயர் ஓடினவர். சொந்தக் கார், வயதான கார். அது புகை கக்க ஆரம்பித்ததும் தானே எஞ்ஜினைப் பிரித்தார். மேல்பகுதியை, அதாவது ஹெட்டை, லேத் வேலைக்குக் கொடுத்தார். பிஸ்டன்களை வெளியே எடுத்து வைத்தார். அந்த வாரமே அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தூக்க வரவில்லை. பேச்சு வந்தது, ஆனால் நினைக்கிற வார்த்தை ஒன்று, வாயில் வருவது வேறொன்று. வந்து பார்த்த மெக்கானிக் பாஸ் ஒருவர், அடுத்தவர் பிரித்த எஞ்ஜினில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். மிச்சம் இருந்த கைகள் என்னுடையவை.

காருக்கு அடியில்

முதல் வேலை பிஸ்டன்களை உள்ளே விட்டு, அவற்றைப் பிடிக்கும் ரொட் போல்ட்களை, பிஸ்டனுக்கு இரண்டாக, கீழேயிருந்து இறுக்குவது. கட்டை வைத்துக் காரை உயர்த்தி, பழைய சாக்கை விரித்து, நான் அடியில் படுத்தேன். அவர் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். எனக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரியும். என் ஸ்பேனர் போடும் சத்தத்தை வைத்து அவர் சொல்லுவார், நான் செய்வேன். முதல் இரண்டு பிஸ்டனும் அழகாகப் போயின. பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி எனக்கு நானே "வெரி குட்" சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதில் "இறுக்கு" என்றார். இறுக்கினேன். "இறுக்கு, இறுக்கு" என்றார். குரல் உயர்ந்தது. பலம் போதவில்லை என்று திட்டுகிறார் என்று நினைத்து, காலை டயரில் ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். ஸ்பேனர் என் நெற்றியில் விழுந்தது. போல்ட்டின் தலை கழுத்துப் பக்கம் வந்து விழுந்தது. எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தேன். அவர் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "நான் நெனச்சது விடுன்னுதான் ஜெயா. வாய்தான் வேற சொல்லிருச்சு."

கலகெதர நானா

அதற்குப் பிறகு வாயால் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். பொனட்டில் ஒரு தட்டு தட்டினால் இறுக்கு. இரண்டு தட்டினால் நிறுத்து. ஆனால் உடைந்த போல்ட்டுக்குத் தட்டி என்ன பயன்? இந்த மொடலுக்குப் புதுச் சாமான் வருவதில்லை. உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கலகெதர பஸ்ஸில் ஏறினேன். பழைய வாகனம் உடைத்து விற்கிற ரஸீன் நானாவின் கடை அங்கேதான். ஆஸ்பத்திரியில் ரிப்போட் காட்டப் போகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் என் முகமும் இருந்திருக்கும்.

அவர் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பாஸ வரச் செல்லுங்கோ" என்றார். "பாஸ் நான்தான் நானா" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. உள்ளே போய், உரித்துப் போட்ட எஞ்ஜின் ஒன்றிலிருந்து இரண்டு போல்ட்களைக் கழற்றி வந்தார். எனக்கு ஒன்றுதான் வேண்டும், அதன் ஜோடி உடையாமல் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் இரண்டையும் சேர்த்தே பேப்பரில் மடித்தார். "ஒன்டு ஒடஞ்சா மத்ததயும் நம்பேலா தங்கச்சி. அதுவும் அதே பாரத்தத்தானே தாங்கீக்கி."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு என் நினைவாகவே இருந்தது.

கறுப்பு நகம்

எஞ்ஜின் எண்ணெய் நகத்துக்குள் புகுந்தால் எலுமிச்சம் புளி, மண்ணெண்ணெய், சீனியும் சவர்க்காரமும் எதற்கும் அசையாது என்பது உங்களுக்குத் தெரியும். நானோ காலையில் நாலு வயதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்குகிறவள். போதாக்குறைக்குப் பாடசாலையின் பழைய பெட்டிகளை வாங்கி வந்து அவற்றில்தான் போல்ட்களைப் பிரித்து வைத்திருந்தேன். யானைப் படப் பெட்டியில் ஹெட் போல்ட், முயல் பெட்டியில் சின்ன நட்டு. அவசரத்தில் ஒருநாள் முயல் பெட்டி பாடசாலைக்கே திரும்பிப் போய்விட்டது. கலர் பென்சில் எடுக்கக் கை விட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு நட்டை எடுத்து விரலில் மோதிரம் போட்டுக்கொண்டார்கள். ஒன்று கழலவேயில்லை, சவர்க்காரம் போட்டு உருவினேன். கிளாஸ் முழுக்க அழுகை. அதில் என்னுடையதும் உண்டு.

பின்னேரம் அந்தப் பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மோதிரக் கதைதான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அது இல்லை. "தப்பா நினைக்காதீங்க டீச்சர். சாப்பிட முன்ன கைய கழுவச் சொன்னா, டீச்சரே கழுவுறதில்லன்னு சொல்றா."

பால் தேத்தண்ணி

லேத்திலிருந்து வந்த ஹெட்டை வைத்து, அதன் போல்ட்களை இறுக்குவதற்கு ஒழுங்கு உண்டு. நடுவிலிருந்து வெளியே, மூன்று தரமாக, சொன்ன அளவுக்கு. அளவு காட்டும் ரென்ச்சைப் பக்கத்து வீட்டு சிவபாலன் சேர் யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஓம் பிள்ளை, அளவு எண்டா அதை என்னட்டை விடுங்கோ" என்றார். காரின் புத்தகத்தைப் பார்த்து இலக்கத்தை அவர் வாசிக்க, நான் ரென்ச்சில் அதே இலக்கத்தை வைத்து, அது கிளிக் என்று சொல்லும் வரை இழுத்தேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் அவர் தலையை ஆட்டினார். அந்தோனி மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பொனட்டை ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டேயிருந்தார். கருவி சொல்வதா, இவர் சொல்வதா? கருவியை நம்பினோம்.

சாவியைத் திருப்பினதும் எஞ்ஜின் பிடித்தது! நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சிவபாலன் சேர் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்காமலே குமிழி விட்டது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால், நுனியில் அசல் பால் தேத்தண்ணி. எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டது. புத்தகத்தின் அளவு இறாத்தலில், ரென்ச்சின் அளவு வேறு கணக்கில். இலக்கம் ஒன்றாக இருந்தாலும் இறுக்கம் போதவில்லை. ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டும், அதற்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகடு புதிதாகத் தேட வேண்டும். சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். "பிள்ளை, நான் அளந்த காணியொண்டும் இப்பிடிப் பிழைச்சதில்லை."

மூடாமல் குடுக்காதே

கேஸ்கட் தேடி அலைந்த நாட்களில் நான் ஷெட் பக்கமே போகவில்லை. ஒரு மத்தியானம் பாடசாலை விட்டு வந்தால் கதிரை காலி. அவர் ஷெட்டில், காருக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் கிடந்தார். இடது கையால் ஹெட் போல்ட்டைக் கழற்றப் பார்த்து, ஸ்பேனர் வழுக்கி விழுந்திருக்கிறார். எழும்ப முடியவில்லை. சத்தம் போட்டும் யாருக்கும் கேட்கவில்லை. வெயில் காலிலிருந்து முகத்துக்கு ஏறும் வரை அப்படியே கிடந்திருக்கிறார். காற்சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் காரின் டயரைப் பார்த்தார்.

தூக்கி உட்காரவைத்து, கழுவி, உடுப்பு மாற்றி எல்லாம் முடித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. பயத்துக்குப் பின்னால் வருகிற கோபம். இந்தச் சனியனை நாளைக்கே பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கத்தினேன். இது நம்மை விடாது, ஒன்று நீங்கள் சாக வேண்டும், இல்லை நான் சாக வேண்டும் என்றேன். சொல்லக்கூடாததுதான். சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னார்: "குடு. ஆனா மூடாம குடுக்காத. தொறந்து கெடக்குறத ஒருத்தன்கிட்ட குடுக்கக்கூடாது."

ஹுன்னஸ்கிரியக்காரர்

ஆகவே மூடினோம். கேஸ்கட் கிடைத்தது. இந்தத் தடவை கதிரையை எனக்குப் பக்கத்தில் போட்டு, ரென்ச்சின் பிடியில் என் கைக்கு மேல் அவருடைய இடது கையை வைத்துக்கொண்டேன். அவர் கை எப்போது அழுத்துகிறதோ அப்போது அழுத்தினேன். எப்போது தளர்ந்ததோ அப்போது விட்டேன். சேர் தூரத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். எஞ்ஜின் பிடித்தது. எண்ணெய் எண்ணெயாக, தண்ணீர் தண்ணீராக இருந்தது. அந்தோனி கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டார். என்ன பிழை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை. இனி தனக்கு அதில் வேலை இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

விற்பதாகச் சொல்லிவைத்தோம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒருவர் வந்தார்; தோட்ட ஒபீஸில் வேலை செய்பவர், மரியாதையான மனுசன். காரை அம்பிட்டிய ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். எஞ்ஜின் தைத்த மாதிரி ஓடுது, எந்த பாஸ் பூட்டினது என்று கேட்டார். அந்தோனி நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கையை என் பக்கம் நீட்டி, "என் வீட்டுக்காரி" என்றார். பிழையில்லாமல் வந்தது. வந்தவர் என்னைப் பார்த்தார், என் நகத்தைப் பார்த்தார், பொனட்டை மெதுவாக மூடினார். "அப்ப சரிங்க, ஒரு பாஸ கூட்டிக்கிட்டு வந்து காட்டிட்டு எடுத்துக்கிறேன்."

அவர் திரும்பி வரவில்லை. மொத்தத்தில் எங்கள் வீட்டில் இப்போது நன்றாக ஓடுகிற கார் ஒன்று இருக்கிறது, அதை ஓட்டத்தான் ஆளில்லை.