பூங்காச் சிலைக்கு ஒரு மெழுகுதிரி

2003, ஒக்டோபர். பிரெஞ்சு பேசும் அஹுன்ட்சிக் பகுதியில் பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. எதிர்ப் பூங்காவில் ஒரு சிலை. தாடி, நீண்ட அங்கி, கையில் பூத்த செடி. அதன் காலடியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மெழுகுதிரி ஏற்றுகிறார். பீடத்திலுள்ள பிரெஞ்சு வரிகளை வாசிக்கிறேன். பிரான்சிலிருந்து கப்பலில் வந்து, இந்த ஆற்றங்கரைச் செடிகளை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவராம்.

“அண்ணை, இவர் புனிதரில்லை. செடி ஆராய்ஞ்சவர்.”

“ஓம், தெரியும். வந்த புதுசில எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தாடியையும் கையில பூவையும் கண்டு சூசையப்பர் எண்டு நினைச்சு, ஊரில இருந்த என்ர மனிசிக்கு விசா கிடைக்கவேணுமெண்டு நேர்த்தி வைச்சனான்.”

“பேந்து?”

“பிரெஞ்சு வகுப்புக்குப் போனாப்பிறகுதான் ஆரெண்டு விளங்கினது.”

காற்றில் அணைந்த திரியை, கையால் மறைத்து மறுபடி ஏற்றுகிறார்.

“அதுக்குள்ள மனிசி வந்திட்டா.”