சாச்சியின் மூக்கு

எங்கள் வீட்டில் வாய்க்குப் பேர்போனவர் உம்மா. மூக்குக்குப் பேர்போனவர் உம்மாவின் தங்கை, என் சாச்சி. கண்டியில் வேலை முடிந்து வரும் வாப்பா ரயிலில் வந்தாரா பஸ்ஸில் வந்தாரா என்பதை, அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்தே சாச்சி சொல்லிவிடுவார். கம்பளையில் எங்கள் தெருப் பெண்கள் கறித்தூளுக்கு மல்லி வறுத்தால் ஒரு பிடியைக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டு, சாச்சி வரும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். "பச்ச வாசம் போகல்ல, இன்னும் வறுக்கோணும்" என்றால் அதற்கு அப்பீல் கிடையாது. மாசிக் கருவாடு விற்கும் கடைக்காரர் சாச்சியைத் தூரத்தில் கண்டாலே பழைய மாசியை உள்ளே தள்ளிவிடுவார் என்று வாப்பா கேலி செய்வார்.

சாச்சி வாழ்க்கைப்பட்டது கண்டியில். சாச்சாவுக்கு அங்கே ஒரு சிறிய புடவைக் கடை இருந்தது. கடைக்கு மேலேயே ஒரு வாடகை அறையில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு காலையில் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்த சாச்சா அப்படியே சரிந்து விழுந்து மௌத்தாகிவிட்டார். நெஞ்சு அடைத்துக்கொண்டது என்றார்கள்.

கணவர் மௌத்தானால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெள்ளை உடுப்பு, நகை இல்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது, தேவையில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. வாசனைப் பொருள் எதுவும் ஆகாது. கடைக்கு மேலே ஆட்கள் வந்துபோகும் இடத்தில் அதெல்லாம் சரிவராது என்று சாச்சியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, குசினிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். உம்மா வாசனைச் சவர்க்காரத்தை எடுத்துப் பூட்டிவிட்டு, உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தை வைத்தார். வெள்ளிக்கிழமை இரவுகளில் வீடு முழுக்கப் போடும் சாம்பிராணியும் அந்த அறைப்பக்கம் போகவில்லை.

சாச்சி அழவில்லை. பேசவும் இல்லை. கட்டிலின் ஓரத்தில், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் செருப்பில்லாமலும், மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். வைத்த சோறு பாதிக்குமேல் திரும்பிவரும். தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். உம்மா சீப்பை எடுத்துக்கொண்டு போனால் தலையைக் கொடுப்பார், அவ்வளவுதான்.

பார்க்க வந்த பெண்களுக்கு இதெல்லாம் மெச்சத்தக்க விஷயமாகப் போயிற்று. "மாஷா அல்லாஹ், என்ன சபுர்! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, ஒரு வார்த்த இல்ல" என்றார் அடுத்த வீட்டு மாமி. "இத்தா இருந்தா இப்படி இருக்கோணும்" என்று இன்னொருவர் சொன்னார். சிலர் தங்கள் மருமகள்மாரைக் கூட்டிவந்து, பொறுமை என்றால் இதுதான் என்று காட்டிவிட்டுப் போனார்கள். உம்மாவுக்கே அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. எனக்கோ பொறாமை. நான் ஒரு மணிநேரம் வாயை மூடியிருந்தால் யார் மெச்சினார்கள்? காய்ச்சலா என்றுதான் கேட்டார்கள்.

வாப்பா மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "இது சபுர் மாதிரித் தெரியல்ல. கண்டியில ஒரு நல்ல டொக்டர் ஈக்கிறாராம், மனசு சம்பந்தமானதுக்கு. காட்டிப் பார்ப்போம்."

"இத்தாவில கூட்டிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்டுவாங்க" என்றார் உம்மா. "இத்தா முடியட்டும். அதுக்குப் பிறகும் இப்படியே இருந்தா காட்டுவோம்."

அப்படித்தான் முடிவாயிற்று. நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதத்தில் ஒரு பின்னேரம், ஓதப்பள்ளி விட்டு வந்தபோது கேற்றடியிலேயே கரிந்த நாற்றம் அடித்தது. உம்மா பாலை அடுப்பில் வைத்து, சாச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். குசினிக்குள் ஓடினால், மண்ணெண்ணெய் அடுப்பில் பால் சட்டி கறுத்துப் புகைந்துகொண்டிருக்கிறது. அடுப்பிலிருந்து பத்து அடி தூரத்தில், அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாச்சி சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்.

"சாச்சி! பால் கரிஞ்சிட்டு! உங்களுக்கு வாசம் வரல்லையா?"

நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "கரிஞ்சதா?" என்று கேட்டார். மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வாசமும் வாரல்ல மகள்" என்றார்.

நான் நம்பவில்லை. ஓடிப்போய்க் கருவாட்டுத் துண்டொன்றைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே பிடித்தேன். நானாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பேன். அவர் சும்மா இருந்தார்.

"எப்ப இருந்து சாச்சி?"

"சாச்சாட மையத்தக் குளிப்பாட்டிக் கற்பூரம் வச்சாங்க, பன்னீர் தெளிச்சாங்க. எல்லாரும் வாசம் என்டாங்க. எனக்கு ஒண்டும் வாரல்ல. அன்டையில இருந்துதான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் சொல்லிராதீங்க. ஜின் புடிச்சிட்டு என்டு ஓதிப் பார்க்க ஆள் கூட்டிட்டு வருவாங்க."

சட்டியை நான் தேய்த்தேன். நான் பார்க்காமல் விட்டதால் பால் கொதித்து வழிந்துவிட்டது என்று உம்மாவிடம் நானே ஏச்சு வாங்கிக்கொண்டேன். பெரியவர் ஒருவரின் ரகசியம் என் கைவசம் இருக்கிறதே, அதற்கு எவ்வளவு ஏச்சும் வாங்கலாம்.

அன்றிலிருந்து சாச்சியின் மூக்கு நான். சாப்பாடு கொண்டுபோனால் முதலில் நான் முகர்ந்து, "புளிக்கல்ல, சாப்பிடுங்க" என்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்டைக்கு வெளிய என்ன வாசம்?" என்று கேட்பார். அப்போதெல்லாம் அது ஒன்றுதான் அவராகக் கேட்ட கேள்வி. எங்கள் ஊர்க் கங்கைப் பக்கம் சேற்று வாசம், ஸ்டேஷனடியில் பலாப்பழ வாசம், மாமி வீட்டில் இறைச்சி என்று ஒப்புவிப்பேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பலாப்பழம் நல்லாப் பழுத்ததா, இல்லாட்டி அழுகினதா?" என்று கேட்பார். வாசத்தில் வித்தியாசம் உண்டாம். எனக்குத் தெரியாது. எல்லாம் ஒன்றுதான் என்பேன். அப்போது அவர் முகம் மறுபடி அணைந்துபோகும்.

இந்த மூக்கு விவகாரத்தைப் பற்றி நான் இரவும் பகலும் யோசித்தேன். ஒருநாள் ஓதப்பள்ளியில் நோன்பைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, சடாரென்று பிடிபட்டுவிட்டது. ஓட்டமாக ஓடிவந்தேன்.

"சாச்சி, இத்தாவில வாசம் கூடாதுதானே? நீங்க அவ்வளவு பேணுதலா இருக்கிறதால அல்லாஹ்வே உங்கட மூக்க மூடி வச்சிருக்கான்! இத்தா முடியிற அன்டைக்குத் தொறந்திரும். நோன்பு தொறக்கிற மாதிரி!"

ஓதித் தரும் லெப்பைக்கே தோன்றாத விளக்கம் அல்லவா! சாச்சி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்படியா மகள்?" என்றார். கிண்டலாக அல்ல, உண்மையாகவே கேட்டார். அடுத்த நாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது, "இன்னும் எத்தின நாள் ஈக்கி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நானும் அவரும் கலண்டரில் நாள் கிழித்தோம். நாற்பது, முப்பது, பதினேழு. நாள் குறையக் குறையச் சாச்சி இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். ஒரு பிள்ளையின் உளறலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனுசி நாள் எண்ணினார்.

அந்த நாளும் வந்தது. விடியப் பெண்கள் கூடிவிட்டார்கள். சாச்சியைக் குளிக்கவைத்து, வெளிர் நீல வோயில் சேலை உடுத்தி, பெரிய அறையில் கதிரை போட்டு இருத்தினார்கள். துஆ ஓதினார்கள். குசினியில் நெய்ச்சோறு தம்மில் இருந்தது. கறுவா, ஏலம், கராம்பு எல்லாம் சேர்ந்து வீடே கமகமவென்று இருந்ததாகச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக எனக்குத் தடிமன், மூக்கு அடைத்துச் சளி ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று அந்த அறையில் மூக்கு வேலை செய்யாதவர்கள் இரண்டு பேர்.

நான் பெரிய ஏற்பாட்டோடு இருந்தேன். வாப்பா ஜும்ஆவுக்குப் பூசும் அத்தர்ப் போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்து, சட்டைப் பைக்குள் மறைத்து வைத்திருந்தேன். துஆ முடிந்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சாச்சியின் மணிக்கட்டில் இரண்டு துளி தடவினேன்.

"மணந்து பாருங்க சாச்சி!"

கையை மூக்கருகே கொண்டுபோனார். மூச்சை உள்ளே இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். சாச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் முகத்தைத்தான் பார்த்தார், வெகுநேரம்.

"நல்ல அத்தர் வாசம் மகள்" என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வீட்டு மாமி, "சின்னச் சைத்தான், இத்தா முடிய முந்தியே அத்தரோட நின்டிக்கி" என்று என் காதைத் திருகினார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, குசினியில் உம்மா என்னைப் பிடித்து நிறுத்தினார். "நீங்கதான் சாச்சியோட எந்த நேரமும் ஈக்கிறீங்க. உண்மையச் சொல்லுங்க மகள், சாச்சி எப்படி? வாப்பா டொக்டரிட்டக் கொண்டுபோகோணும் என்டு நிக்கிறார்."

ரகசியம் காக்கும் காலம் முடிந்துவிட்டதல்லவா. பால் கரிந்தது முதல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். உம்மா வாயில் கைவைத்தபடி கேட்டார். "இப்ப சொகமாயிட்டு உம்மா. மூக்கும் தொறந்திட்டு. நீங்களும் பார்த்தீங்கதானே" என்று முடித்தேன். உம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதார்.

பொழுது படும் நேரத்தில் வாப்பா வந்தார். ஸலாம் சொல்லிக் கையைக் கொடுத்தேன். "என்ன மகள், பல்லு வலியா? கை முழுக்கக் கராம்பு எண்ணெய் மணக்குதே" என்றார்.

பைக்குள்ளிருந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல்வலிக்குப் பூசும் கராம்பு எண்ணெய்தான். அத்தரும் அதுவும் ஒரே அளவுப் போத்தல், ஒரே தட்டில் நின்றவை. நெய்ச்சோற்று வாசத்தில் பெண்கள் யாருக்கும் தனியாகப் பிடிபடவில்லை.

அப்படியென்றால் சாச்சி ஏன் அத்தர் வாசம் என்றார்? பிறகு விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்தேன். நேரே சாச்சியிடம் ஓடினேன்.

"சாச்சி, போத்தல் மாறிட்டு. அது கராம்பு எண்ணெய். அத்தன பேருக்கு முன்னால எனக்கு ஏசுவாங்க என்டுதானே நீங்க காட்டிக்குடுக்கல்ல?"

சாச்சி மணிக்கட்டை இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோனார். கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓ மகள்" என்றார். "ஏசுவாங்கதானே."

எவ்வளவு நல்ல சாச்சி என்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, விளையாடப் போய்விட்டேன்.

டொக்டர் பேச்சு அத்தோடு நின்றது. "எல்லாம் சரியாம், மகள் சொல்றா" என்று உம்மா சொன்னபோது வாப்பாவும் சரி என்றுவிட்டார். மறு வாரம் சாச்சாவின் மூத்த சகோதரி, அந்த ராத்தா, வத்தேகமவிலிருந்து வந்தார். தனியாக இருக்கும் தனக்குத் துணையாக இருக்கட்டும் என்று சாச்சியைக் கேட்டார். சுகமான ஆளை மறித்து வைத்திருக்க எங்களிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த நோன்புக்குச் சாச்சி இல்லை. என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாப்பாடு எடுபடவில்லை, படுக்கையை விட்டு எழும்ப மனமில்லை, வரவர மெலிந்துபோனார் என்று மட்டும் அந்த ராத்தா சொல்லி அழுதார். "கடைசி மட்டும் ஒரு முறைப்பாடு இல்ல. அப்படி ஒரு சபுர்" என்றும் சொன்னார்.

கவலை என்றால் கண்ணீர் என்றுதான் ஒன்பது வயதில் எனக்குத் தெரியும். ஒரு மனுசிக்கு உலகத்தின் வாசமெல்லாம் அற்றுப்போவதும் கவலைதான், அதுதான் பெரிய கவலை என்று தெரியாது. பிற்காலத்தில் எனக்கே ஒரு கெட்ட வருஷம் வந்தது. மாதக்கணக்கில் எந்தச் சாப்பாடும் எதுவாகவும் மணக்கவில்லை. டொக்டர் என் மூக்கைப் பரிசோதித்துவிட்டு, "மூக்குல பழுதில்ல. மனசு சோர்ந்தா இப்படியும் வரும், மருந்திருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று பாவம் அவர் நினைத்திருப்பார்.

சாச்சி புறப்பட்ட காலை நான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். ராத்தா முன்னால் ஏறி இடம் பிடித்துவிட்டார். சாச்சி மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி திரும்பி, "லீவுதானே மகள், என்னோட ரெண்டு கிழம வந்து இருந்துட்டு வாங்களே" என்றார். தன்னோடு இருக்கச் சொல்லி அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு இருந்தது.

"உங்களுக்குத்தான் சொகமாயிட்டே சாச்சி, இனி நான் எதுக்கு?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு, பஸ்ஸில் ஏறினார்.