வேணி சொல்லும் தப்பு

கரண்டியை இடது கடைவாய்ப் பக்கமாகத்தான் கொண்டுபோவாள் வேணி. வலது பக்கம் வாதம் விழுந்த பக்கம். அங்கே வைத்த கஞ்சி கன்னத்திலேயே தங்கிவிடும். "தாடையத் தாழ்த்துங்க சார்வாள். பைய, பைய. முழுங்கியாச்சா? வாயத் தொறந்து காட்டுங்க." காட்டினால்தான் அடுத்த வாய். ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் சுப்பராமன், எழுபத்தாறு வயதில், நாக்கை நீட்டிக் காட்டுவார்.

அம்பாசமுத்திரத்தில் ஏழு மணி பஸ் பிடித்துக் கல்லிடைக்குறிச்சியில் வந்து இறங்குவாள். ஐம்பத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பு, ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி, பதினேழு வருட வேலை. வந்ததும் நலம் விசாரிப்பதில்லை. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்ப்பாள். "என் கையில ஒரு ஆளுக்குப் படுக்கைப்புண்ணு வந்துச்சுன்னு எவளாவது சொல்லட்டும், இந்த வேலையையே விட்டுருதேன்" என்பாள். இதுவரை யாரும் சொன்னதில்லை.

வாதம் விழுந்து ஐந்து மாதமாகியும் பேராசிரியருக்குப் பேச்சு மட்டும் திரும்பவில்லை. எல்லாம் புரியும், பதில் வராது. மாதக் கடைசிக்குள் பேசாவிட்டால் அப்பா அம்மா இருவரையும் கோயம்புத்தூரில் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுவதாக, புனேயில் இருக்கும் மகன் ஸ்ரீராகவ் சொல்லிவிட்டான். அங்கே தினமும் பேச்சுப் பயிற்சி உண்டாம். அவர் மனைவி ராஜலக்ஷ்மி மாமிக்கு வீட்டைப் பூட்ட மனசில்லை.

இங்கே வந்த பயிற்சியாளர் தண்ணீர், சோறு, பூனை என்று படம் போட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். சுப்பராமன் அவற்றை இடது கையால் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "பின்ன? காலேஜு வாத்தியாருக்குப் பூனைப் படமா காட்டுவாவ?" என்று வேணி அவர் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

நாற்பது வருடம் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டியவர் அவர். மாமி எடுத்துக் கொடுத்த நோட்டில், சொல்லுக்கு ஒரு பக்கமாகத் தமிழில் விளக்கம் எழுதியிருந்தார். 'ஹாப்பி' பக்கத்தை வேணி எழுத்துக்கூட்டாமல் படித்தாள்: 'ஆதியில் இதற்கு மகிழ்ச்சி என்ற பொருளே இல்லை. ஹாப் என்றால் தற்செயல், அதிர்ஷ்டம். முதலில் அதிர்ஷ்டசாலி; பிறகே மகிழ்ச்சியானவன். ஹாப்பன், பெர்ஹாப்ஸ் எல்லாம் இதன் பங்காளிகள்.'

வேணிக்கு அது பிடிக்கவில்லை. "சந்தோசம் அதிர்ஷ்டத்துலயா வரும்? அப்போ நான் ரெண்டு மணிக்கொருக்க சார்வாளைப் புரட்டிப் போடுதது எதுக்காம்?"

"நீ வேற. யாராவது தப்பாச் சொன்னா அவருக்குப் பொறுக்காதுடி" என்றாள் மாமி. "சாப்பிட்டுண்டே பேப்பர் திருத்தறச்சே ஒரு தப்பு வந்தாப் போறும், தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவார்."

'பொறுக்காது' என்ற அந்த வார்த்தையைத்தான் வேணி பிடித்துக்கொண்டாள். மறுநாள் கஞ்சி முடிந்ததும் ஆரம்பித்தாள். "சார்வாள், ஹாப்பின்னா ஆதியில வயிறு ரொம்புனவன்னு அர்த்தமாம்லா?" அவர் முகம் சிவந்தது. இடது கை மெத்தையைக் குத்தியது.

"வேண்டாம்டி, பிரஷர் ஏறிடும்!"

"பார்த்துட்டுத்தான் பேசுதேன் மாமி. நூத்தி முப்பது இருக்கு. கோவம் வந்தாத்தான் வாய் வரும்."

தினமும் ஒரு தப்பாகச் சொன்னாள்; ஒன்பதாம் நாள் அவர் வாயிலிருந்து வந்தது. "தப்பு!"

மாமி கையிலிருந்த டபரா நழுவியது. வேணி கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினாள்: காலை 8.40, ஒரு சொல், தெளிவு.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். "அப்பா, ஏதாவது பேசுங்கோ." சுப்பராமன் கண்ணை மூடிக்கொண்டார். "ஒத்தை வார்த்தையை வெச்சுண்டு என்னம்மா பண்றது? கோயம்புத்தூருக்கு வண்டி சொல்லிடட்டுமா?"

காமிராவுக்கு எட்டாமல் சுவரோரம் நின்ற வேணி குரலை உயர்த்தினாள். "மாமி, வயிறு ரொம்புனவந்தான் ஹாப்பி. சார்வாளே ஒத்துக்கிட்டாவ!"

கண் திறந்தது. உதடு இடப்பக்கம் இழுத்தது. "தப்பு. முதல்ல... அதிர்ஷ்டம்." மூச்சு வாங்கினார். "அப்புறம்தான்... சந்தோஷம்."

"வண்டி வேண்டாம்மா. அங்கயே இருங்கோ" என்றான் ஸ்ரீராகவ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்ன அதிர்ஷ்டம் நமக்கு!"

சுப்பராமனின் இடது கை போர்வையிலிருந்து எழும்பி, சுவரோரம் நின்ற வேணியைக் காட்டி நீண்டது.

"யாரும்மா அங்க?" என்றான் மகன்.

வேணி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு, காமிராவுக்கு நேராக உட்கார்ந்தாள்.