வெளிச்சம் கூட்டும் கட்டை

வீட்டில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். மூன்று வீடு தள்ளிக் குழாய் சொட்டினால்கூடப் படுக்கையிலிருந்து சொல்லிவிடுவார் என்று அக்கா வைத்த பெயர். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் தொழில் பழகி, பிறகு கார் நிறுத்தும் கொட்டகையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கிக்கொண்டார். தலை நரைத்தும் அந்தச் செவியை நம்பித்தான் பிழைப்பு.

அக்காவின் கணவர் வயலின்காரர். அத்தானின் ஆல்பங்கள் எல்லாம் இந்தக் கொட்டகையில் பிறந்தவை. ஆரம்பத்தில் ஒரே மைக், ஒரே டேப். வில் தந்தியில் வந்து உட்காரும் சத்தம்கூடக் கேட்கும், ஆனால் உறுத்தாது. பின்னால் வந்த இரண்டில்தான் வினை ஆரம்பித்தது. "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் குடு மச்சான், மூடி போட்ட மாதிரி இருக்கு" என்பார் அத்தான். வெளிச்சம் என்று அவர் சொன்னது ஒலியின் உச்சியில் இருக்கும் பளபளப்பை. கேட்கக் கேட்கக் கொடுத்தார் மச்சானான பாம்புச்செவி. தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. அத்தான் மெஷின் மேல் பழி போட்டு, புது மைக் வாங்கி வந்தார். அடுத்த ஆல்பம் காதைக் கிழித்தது.

காரணம் ஒரு மத்தியானம் தற்செயலாகத் தெரிந்தது. எந்த வயரோ எதிலோ பட்டு ஸ்பீக்கர் வீலென்று கத்தியது. தெருநாய் குரைத்துக்கொண்டு ஓடியது. பாம்புச்செவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அத்தான் நிதானமாக வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த உச்சி ஒலி அவர் காதுக்கு எட்டவே இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னோடு வாசித்த ஒருவருக்குக் காது மந்தமானபோது இதே அறையில் அத்தான் சொன்னது மறக்கவில்லை: "காது போனவன் வில்லைத் தொடக்கூடாது. எனக்கு அப்படி ஆனா அன்னைக்கே பெட்டியை மூடிடுவேன்." சிகரெட்டையும் அவர் அப்படித்தான், ஒரே வார்த்தையில் விட்டவர்.

அதனால் அடுத்த ஆல்பத்துக்கு ஒரு காரியம் செய்தார். மிக்ஸிங் மேசையில், மேலும் கீழும் தள்ளும் கட்டைகளில் ஒன்றின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் 'வெளிச்சம்' என்று எழுதி ஒட்டினார். அத்தான் தள்ளுவார், "ஆங், இப்பதான் விடிஞ்சுது" என்பார். உண்மையான அளவை மச்சான் தன் செவிப்படி வைத்துக்கொண்டார்.

இன்று கடைசிக் கேட்பு. அத்தான் சரி என்றால் ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அத்தான் அக்காவையும் கூட்டி வந்திருந்தார்.

"மறுபடியும் தகரம்னு எவனும் எழுதக் கூடாது. உங்க அக்கா கேக்கட்டும். அவளுக்கு முகத்துக்கு நேரா சொல்லித்தான் பழக்கம்."

அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். "இது அப்பா படுத்த மெத்தை இல்லடா?"

"சத்தத்தை நல்லா உறிஞ்சுதுக்கா."

"அவர் குறட்டையையே உறிஞ்சின மெத்தையாச்சே."

பாம்புச்செவிக்குச் சிரிப்பு வரவில்லை. பொத்தானைத் தட்டினார். பாட்டு ஓடியது. "இந்தக் கட்டையைப் பிடி. உனக்கு எது சரியோ அங்க நிறுத்து" என்றார் அத்தான்.

அக்கா மெல்ல மேலே தள்ளினாள். கடைசிவரை தள்ளினாள். பிறகு அடிவரை இழுத்தாள். மறுபடி மேலே. தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார்.

"என்ன?" என்றார் அத்தான்.

"இதைத் தள்ளினா எதுவும் மாறலையே."

"எனக்கு மாறுச்சே."

பாட்டு முடிந்து அறை அடங்கியது. இனி மறைக்க இடமில்லை. "இணைப்பைக் கழட்டிட்டேன் அத்தான்" என்றார் பாம்புச்செவி. ஸ்பீக்கர் கத்திய மத்தியானத்தையும் சொன்னார். அத்தான் நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விசில் மாதிரி ஒண்ணு போடுவியே, ஏறிக்கிட்டே போகுமே. அதைப் போடு."

போட்டார். ஒலி ஏறியது. தன் காதில் விழுந்துகொண்டிருந்தவரை அத்தான் விரலைத் தூக்கி வைத்திருந்தார். விரல் இறங்கியபோது அக்கா முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் முகத்தையே பார்த்தார்.

"போன ரெண்டும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"நீங்க போட்டதும் நான் துணி காயப்போட மாடிக்குப் போயிடுவேன்."

"சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. இன்னைக்குத்தானே கேட்டீங்க."

அத்தான் மச்சான் பக்கம் திரும்பினார். "இணைப்பைக் குடு."

பாம்புச்செவி வயரைச் செருகினார். பாட்டு மறுபடி ஓடியது. அத்தான் கட்டையில் விரலை வைத்து, மனைவியின் நெற்றியைப் பார்த்தபடி தள்ளினார். சுருங்கியதும் இறக்கினார். நெற்றி விரிந்த இடத்தில் நிறுத்தினார்.

"நீ வச்ச இடம் எது?"

"இதுக்குக் கொஞ்சம் கீழ."

"பயந்து மூடியிருக்கே."

தகரத்துக்குப் பயந்து வயலினுக்குப் போர்வை போர்த்தியிருந்தது இப்போது அவர் செவிக்கே தெரிந்தது.

"அனுப்பிடவா அத்தான்?"

"வேணாம்." அத்தான் எழுந்து மூலையில் இருந்த வயலின் பெட்டியிடம் போனார். பூட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த பாம்புச்செவிக்கு 'அன்னைக்கே பெட்டியை மூடிடுவேன்' என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"நாலாவது பாட்டுல வில்லைப் போட்டு அழுத்தியிருக்கேன். எனக்குக் கேக்கலைன்னுதான் அழுத்தினேன் போல. மெஷின் மேல மட்டும் தப்பில்லை." பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி பக்கம் திரும்பினார். "நீ அங்கயே உக்காரு. மூஞ்சியைச் சுளிச்சா நிறுத்திடுவேன்."

"கொட்டாவி வந்தா?" என்றாள் அக்கா.

"அதுக்கும் நிறுத்துவேன்."

குரல் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. மச்சானை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாம்புச்செவி மைக்கை அரைச் சாண் நகர்த்தி வைத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினார்.