ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத கோளாறு

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் நான் இருந்தேன். தங்கை ஜெனிபர் இருந்தாள். காயல்பட்டினத்திலிருந்து நண்பன் சுலைமான் ஸ்குரூ டிரைவரோடு வந்திருந்தான். வர வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை... கம்ப்யூட்டரின் கோளாறு!

ஜெனிபர் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள். அவளுடைய முதல் சம்பாத்தியம். மத்தியானம் ஆனால் போதும் — மணப்பெண்ணின் முகம் பாதி மலர்ந்திருக்கும்போது திரை பட்டென்று கறுத்துவிடும். பிறகு தானே உயிர் பெறும். செய்த பக்கங்கள்? சில நேரம் ஃபைலே திறக்காது. செவ்வாய்க்குள் ஆல்பம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார்.

சுலைமானின் ரிப்பேர் கடைக்கு ஞாயிறுதான் லீவு. முந்தைய ஞாயிறுகளில் வந்து ரேம் மாற்றினான். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மாற்றினான். இந்த முறை மீட்டர் வைத்துப் பார்த்தான்.

"ஏலே, வோல்டேஜ் கச்சிதமா இருக்கு. மிஷின் கப்பல் கணக்கா போகுது. என்னத்தல ரிப்பேர் பாக்க?"

"நீங்க வந்தா மட்டும் நல்ல புள்ள வேஷம் போடுதுண்ணே. அதுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு போல" என்றாள் ஜெனிபர்.

சிரித்தோம். அவன் பஸ் ஏறிவிட்டான்.

திங்கள் மத்தியானம் அவள் பின்னால் காவலுக்கு உட்கார்ந்தேன். கடற்காற்று திரைச்சீலையை ஊதி ஊதி விட்டது. எனக்கு அரைத்தூக்கம். மணமக்கள் ஒரு பூந்தோட்டத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தார்கள்... திரை கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் எங்கள் இரண்டு முகங்கள், பின்னால் ஜன்னல், ஜன்னலில் ஒரு துண்டுக் கடல், கரை திரும்பும் வள்ளங்கள். எவ்வளவு அழகு! ஜெனிபர் அழத் தொடங்கியிருந்ததால் சொல்லவில்லை.

அப்போதுதான் காதில் விழுந்தது — தெருமுனையில் ஐஸ் அரைபடும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிறேன், அலைச் சத்தம் போல, கேட்டும் கேட்காத ஒன்று. வள்ளங்கள் மீனோடு வந்தால் ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடும். அந்த மோட்டார் கிளம்பும் நொடியில் தெருவின் கரண்ட் லேசாக இறங்கும். விளக்கு கண் சிமிட்டும். நமக்கு அது பழக்கம். கம்ப்யூட்டருக்கு?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மீன் இல்லை. ஐஸ் இல்லை.

சுலைமானுக்குப் போன் போட்டேன். ஐஸ் மிஷின் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, பொறந்ததுல இருந்து அந்தத் தெருவுலதான கெடக்க? முன்னமே சொல்லுததுக்கு என்ன?"

"நீ லீவு நாளா பாத்து வந்துட்டு என்னய ஏசுதியா?"

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காலேஜில் வோல்டேஜ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன். ஆனால், புத்தகத்தில் இருப்பதெல்லாம் வேறு ஏதோ ஊரில் நடக்கிறது என்று நினைத்தே படித்திருக்கிறேன். நீங்கள் எப்படி?

அன்று சாயங்காலமே, கரண்ட் இறங்கினால் பேட்டரியிலிருந்து கொடுத்துத் தாங்கும் ஒரு யூ.பி.எஸ். வாங்கினோம். மறுநாள் மத்தியானம் ஐஸ் மிஷின் உறுமியது. விளக்கு சிமிட்டியது. யூ.பி.எஸ். 'கீச்' என்றது. ஜெனிபர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்... மணப்பெண் சிரித்தபடியே இருந்தாள். ஆல்பம் போய்ச் சேர்ந்தது. அடுத்த கல்யாணத்துப் படங்கள் கையோடு வந்தன.

வேண்டாத ரேம், வேண்டாத எஸ்.எம்.பி.எஸ்., வேண்டிய யூ.பி.எஸ். — மொத்தம் ஆறாயிரத்து நூறு ரூபாய்.